ஏழு கிளை முத்திரை

செண்பகராமனுக்குப் பொய் சொல்லவே வராது என்று அவர் மனைவி கோமளம் உறவுக்காரர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லுவாள். அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே பெரிய பொய்யைச் செய்தித்தாள்கள் கட்டம் கட்டிப் போட்டிருந்தன. அதை வெட்டி, சட்டம் போட்டு, முன்னறைச் சுவரில் மாட்டியதும் அவள்தான். ஐந்து வருஷமாக அவர் அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பாமலேயே செருப்பு மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்வந்தார்.

வேலை சிவகாசி முத்திரைக்கூடத்தில். காலண்டரும் டைரியும் அச்சடித்த ஊர் முத்திரையும் அடிக்கட்டும் என்று பதினோரு வருஷத்துக்கு முன்னால் அதை அங்கே திறந்தார்கள். கலவைப் பிரிவுக்குத் தலைவராக அன்றைக்கு வந்து உட்கார்ந்தவர் இன்னும் எழுந்திருக்கவில்லை.

முத்திரை என்றதும் அரக்கு, ரப்பர் ஸ்டாம்ப் என்று நினைத்துவிட வேண்டாம். கட்டைவிரல் நகம் அளவுக்கு இரண்டு கண்ணாடித் தகடுகள். நடுவே பாகு போல ஒரு திரவம், மெல்லிய பூச்சாக. தகடுகளை வெடுக்கென்று இழுத்துப் பிரித்தால் பாகில் பாதி மேல் தகட்டோடும் பாதி கீழ்த் தகட்டோடும் போய்விடும். கிரீம் பிஸ்கட்டைப் பிரித்துப் பார்த்த யாருக்கும் இது தெரியும். பிரிகிற அந்த நொடியில் ஓரத்திலிருந்து காற்று உள்ளே புகுந்து, கிளை விட்டு, கிளைக்குள் கிளை விட்டு, ஒரு மரம் போலக் கோலம் விழும். மேல் தகட்டில் விழுந்ததே கீழ்த் தகட்டிலும் விழும். வெளிச்சம் பட்டதும் இறுகிவிடும். அதேபோல் இன்னொன்று அடித்தவனே மறுபடி அடித்தாலும் விழாது.

இதற்கு முன்பெல்லாம் ஒரு குப்பி ரத்தம் யாருடையது என்று மரபணுவைப் படித்தே சொல்லிவிடுவார்கள். படித்தவர்கள் அதோடு நிறுத்தினார்களா? கல்யாணத் தரகர் முதல் காப்பீட்டுக்காரர் வரை ஊரார் மரபணுவை விலைபேச ஆரம்பித்தார்கள். நாடே கொந்தளித்து ஒரு சட்டம் வந்தது. சாதாரண வழக்குகளில் யாருடைய மரபணுவையும் படிக்கக் கூடாது. பரிசோதனை முடிந்த தொண்ணூறாம் நாள் ரத்தத்தையும் குப்பியையும் அழித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு இந்த ரத்தம் இன்னாருடையது என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அந்தக் கோலம்தான். ஒரு பாதி குப்பியின் கழுத்தில் பதிந்திருக்கும். மறு பாதி அந்த ஆளின் பெயரோடு கோப்பில் இருக்கும். கருவி இரண்டையும் ஒப்பிட்டுப் பச்சை விளக்குப் போட்டால், மேலே ஒரு கேள்வி கிடையாது.

ஒரு வியாழக்கிழமை காலையில் மெஹருன்னிசா அவர் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். கூடத்துக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது, முப்பது வயது. எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்க்கிறவள். பழைய முத்திரைப் படங்களையெல்லாம் எடுத்து, ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட்டுப் பார்க்கிற வேலையை யாரும் கேட்காமலே தொடங்கியிருந்தாள். அதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை. ஒரு முத்திரையை அதன் ஜோடியோடு மட்டும்தான் ஒப்பிடுவார்கள். எதற்கு ஊரான் ஜோடியோடு ஒப்பிட வேண்டும்?

"சார், ஒரு நிமிஷம். இந்த ரெண்டையும் பாருங்களேன்" என்று திரையைத் திருப்பினாள்.

"ஒரு ஜோடிதானேம்மா. இதுல என்ன?"

"ஜோடி இல்ல சார். ரெண்டு வேற வேற முத்திரை. கருவி தொண்ணூத்தி மூணு சதவீதம்னு சொல்லுது. தொண்ணூறு வந்தாலே பச்சை விளக்கு. இதே ஈட்டுல, ஒரே பாகுல அடிச்சது மொத்தம் நாப்பது ஜோடி. எந்தப் பாதியை எதோட வச்சாலும் பச்சைதான் எரியுது."

செண்பகராமன் திரைக்கு அருகே குனிந்தார். திரையில் இருந்த கோலத்தில் கிளைகளை எண்ண வேண்டிய தேவையே இல்லை. சாதாரணமாக நானூறு, ஐந்நூறு கிளை இருக்கும். இதில் ஏழுதான். தடித்து, வழவழவென்று, குழந்தை வரைந்த விரல்கள் போல. தகட்டின் ஓரத்தில் ஏழு பிடிகள் உண்டு. காற்று முதலில் அந்த ஏழு இடத்தில்தான் நுழையும். நுழைந்த காற்று அதற்கு மேல் கிளை விடாமல் நின்றுவிட்டால் எல்லாத் தகட்டிலும் ஏறக்குறைய ஒரே கோலம்தான் விழும்.

"எந்த ஈடு?" என்று கேட்டார். தெரிந்துகொண்டே கேட்டார்.

"ஆறு வருஷத்துக்கு முந்தின விஜயதசமி. அன்னைக்கு அடிச்ச முதல் ஈடு. பாகோட கெட்டித்தன்மை சரியாத்தான் இருக்கு, பதிவேடு பார்த்தேன். அப்போ பரப்பு இழுவிசைதான் கூடியிருக்கணும். பாகுல விடுற சோப்பு வேலை செய்யலை. உப்புத் தண்ணி கலந்துட்டா சோப்பு திரிஞ்சு போகும்ல சார்? நம்ம ஊர் போர்த் தண்ணியில துணி துவைக்கிற மாதிரி. சுத்திகரிப்புல ஏதாவது கோளாறா?"

கேள்வியிலேயே பதிலையும் தட்டில் வைத்து நீட்டினாள். அந்த மனுஷன் அதை எடுத்துக்கொண்டார்.

"தண்ணியாத்தான் இருக்கும்" என்றார்.

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். செண்பகராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் தூசி எதுவும் இல்லை.

*

தண்ணீர் இல்லை. விபூதி.

அந்த வருஷ ஆயுத பூஜைக்குக் கூடத்தைக் கழுவி, இழுவை எந்திரத்துக்கு மாலை போட்டு, வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். முதல் ஈட்டுக்கான பாகை மூன்று லிட்டர் எவர்சில்வர் பாத்திரத்தில் முன்கூட்டியே கலந்து சாமி படத்துக்கு முன்னால் வைப்பது அங்கே வழக்கம். அன்றைக்கு அதை யாரும் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமியன்று அந்தப் பாகில்தான் முதல் நாற்பது முத்திரை அடிப்பார்கள். அச்சகக்காரர்களின் பிள்ளைகள்தானே அங்கே வேலைக்கு வந்தவர்கள்; அப்பன் ஆத்தாள் காலண்டருக்குச் செய்ததை இவர்கள் முத்திரைக்குச் செய்தார்கள்.

செண்பகராமன் இதையெல்லாம் சிரித்துக்கொண்டே தூர நின்று பார்க்கிற ரகம். கல்லூரிகளுக்குப் போய் மூடநம்பிக்கையைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறவர். பேச்சுக்கு நடுவே சாமியார்களைப் போல நடித்துக் காட்டுவார், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். ஆனால் அந்த வருஷம், "தலைவர் கையால பட்டை போடுங்க சார்" என்று எல்லோரும் சேர்ந்து இழுத்துவிட்டார்கள். மணிச்சத்தம், சூடத்தின் வாசனை, பொரிகடலை. மனுஷனுக்கு உள்ளே எங்கேயோ நெகிழ்ந்துவிட்டது. இலையில் குவித்திருந்த விபூதியை ஒரு கை அள்ளிப் பாத்திரத்தின் விளிம்பில் பட்டை போட்டார். போட்ட வேகத்தில் கையில் இருந்ததெல்லாம் சரிந்து உள்ளே விழுந்தது. சூடம் காட்டுகிற நேரம். எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள்.

கடையில் விற்கிற விபூதியில் பாதி சுண்ணாம்புத் தூள். அந்தப் பாகில் இருந்த சோப்பு நாலே சொட்டு. சுண்ணாம்பு நாலு சொட்டு சோப்பை என்ன செய்யும் என்பதைப் பள்ளிக்கூடப் பிள்ளையிடம் கேட்டாலும் சொல்லும். அவருக்கும் தெரியும். ஒரு கரண்டியால் அள்ளி எறிந்திருக்கலாம். பாத்திரத்தையே கவிழ்த்துவிட்டுப் புதிதாகக் கலந்திருக்கலாம். அதற்கு, "நான்தான் கொட்டிவிட்டேன்" என்று முப்பது பேருக்கு முன்னால் சொல்ல வேண்டும். பூஜையில் வைத்த பாகை ஏன் கொட்டினீர்கள் என்று கேட்பார்கள். மூடநம்பிக்கைப் பேச்சாளர் கை நிறைய விபூதி அள்ளிய கதை மறுநாளே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். ஒரு கை விபூதிதானே, அடியில் தங்கிவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு பொரிகடலையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் தகடுகளைப் பிரித்தபோது ஏழு தடித்த கிளைகள் விழுந்ததைத் தன் கண்ணால் பார்த்தார். கருவியில் வைத்தார். ஜோடி பொருந்தியது. பச்சை விளக்கு எரிந்தது. அனுப்பிவிட்டார். தெரியாமல் நடந்தது என்று அவரால் சொல்லிக்கொள்ள முடியாது.

*

அந்த நாற்பதில் இரண்டு, பத்து நாள் கழித்து ஒரு காவல் நிலையத்தில் ஒரே மேஜைக்கு வந்துசேர்ந்தன.

விடியற்காலையில் அச்சகத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு வந்த வேன் ஒன்றும், ஒரு கல்குவாரி முதலாளியின் மகன் ஓட்டிவந்த காரும் மோதிக்கொண்டன. வேனில் இருந்த பொன்னுத்தாய், பேச்சியம்மாள் என்ற இரண்டு பெண்கள் அந்த இடத்திலேயே செத்துப்போனார்கள். இரண்டு ஓட்டுநர்களின் ரத்தத்தையும் எடுத்து முத்திரை போட்டார்கள். பரிசோதனையில் ஒரு குப்பியில் மட்டும் சாராயம் இருந்தது. அந்தக் குப்பி வேன் ஓட்டுநர் சூசைமாணிக்கத்தினுடையது என்றது பெயர்ச்சீட்டு. முத்திரையும் ஆமாம் என்றது. பையன் சுத்தம்.

சூசைமாணிக்கம் தன் வாழ்நாளில் குடித்ததே இல்லை என்றார். குற்றவாளிக் கூண்டில் நிற்கிற யார்தான் குடித்தேன் என்று சொல்லியிருக்கிறார்கள்?

அடுத்த வருஷம் வழக்கு விசாரணையில் செண்பகராமனை நிபுணர் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். முத்திரை என்றால் என்ன, எல்லோருக்கும் விளங்குகிற மாதிரி சொல்லுங்கள் என்றார் நீதிபதி. அவருக்கு மேடை கிடைத்தால் சொல்ல வேண்டுமா?

"அய்யா, தண்ணிச் சொட்டு உருண்டையா நிக்குதே, அதுக்குக் காரணம் பரப்பு இழுவிசை. அது ஒரு கஞ்சன். ஓரம் நீள்றது அதுக்கு ஆகாது. பாகைப் பிரிக்கும்போது காத்து கிளை விட்டு உள்ள வரப் பாக்கும். கிளை விட்டா ஓரம் நீளும். கஞ்சன் விடுவானா? இழுத்துப் பிடிச்சு வழவழன்னு ஆக்கிடுவான். அதனால நாங்க பாகில நாலு சொட்டு சோப்பு விடுறோம். சோப்பு பட்டா கஞ்சன் தளர்ந்துடுவான். அப்புறம் கிளை இஷ்டத்துக்கு ஓடும். எந்தக் கிளை எங்க திரும்பும்னு கடவுளே வந்தாலும் சொல்ல முடியாது. அதனாலதான் ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இல்ல."

நீதிபதி புன்னகைத்தார். சூசைமாணிக்கத்தின் வக்கீல் ஞானதீபம் எழுந்தார். தலை நரைத்த, மெல்லிய குரல் கொண்ட அம்மாள். "இந்த முத்திரை விஜயதசமி அன்னைக்கு அடிச்சது. முந்தின நாள் ஆயுத பூஜை. உங்க கூடத்துல பூஜை போட்டாங்களா?"

"போட்டாங்க."

"பூஜைச் சாமான் எதுவும் கலவையில விழுந்திருக்க வாய்ப்பு உண்டா?"

அந்த அம்மாள் இருட்டில்தான் கல்லெறிந்தார். கல் சரியாக வந்து விழுந்த இடம் அவருக்கே தெரியாது. கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. பத்திரிகைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாக்கு தானாகப் புரண்டது.

"அம்மா, எங்க மெஷினுக்கு நெத்தி இருக்கு, விபூதி வைக்கிறோம். வாய் இல்ல, அதனால பிரசாதம் குடுக்கிறதில்ல."

கோர்ட்டே சிரித்தது. நீதிபதியும் சிரித்தார். ஞானதீபம் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, "வழக்கத்துக்கு மாறா எதுவும் நடக்கலைன்னு உறுதியா சொல்றீங்களா?" என்று கேட்டார்.

"எதுவும் நடக்கலை" என்றார் செண்பகராமன்.

கூண்டில் நின்ற சூசைமாணிக்கம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. பாடம் கேட்கிற பிள்ளை வாத்தியாரைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். நாலு வருஷம் தண்டனை விழுந்தது. மெஷினுக்கு வாய் இல்லை என்ற வசனம் மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் கட்டத்துக்குள் வந்தது.

*

வெள்ளிக்கிழமை மத்தியானம் மெஹருன்னிசா மறுபடி வந்தாள்.

"சார், தண்ணிக் கோளாறுன்னு மேல சொன்னேன். அந்த வருஷம் சுத்திகரிப்புப் பிளான்ட் பாத்துக்கிட்டவர் இருளப்பனாம். ரிட்டயர் ஆகி நாலு வருஷம் ஆச்சு. திங்கட்கிழமை அவருக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் போகுது. பாவம், பக்கவாதம் வந்து படுத்திருக்காராம். பேச்சுகூட சரியா இல்லையாம்."

செண்பகராமன் எழுந்து கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்காராமல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தண்ணி இல்லம்மா. நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னார். விபூதி, கண்ணை மூடியிருந்த கூட்டம், ஏழு கிளை, கோர்ட்டு, சிரிப்பு. தன்னுடைய மகள் வயதுப் பெண்ணுக்கு முன்னால் உடுப்பில்லாமல் நிற்பது போலக் கூசியது.

முடித்ததும், "இதுக்கா சார்?" என்றாள். "நாப்பது தகட்டைத் தூக்கிக் குப்பையில போட்டிருந்தா ஒரு நாள் வேலை போயிருக்கும். அவ்வளவுதானே? ரெண்டு நாள் கேலி பண்ணியிருப்பாங்க."

"ஆமா."

"அந்த ரெண்டு நாள் கேலிக்குப் பயந்தா?"

"ஆமாம்மா."

அவள் கையில் இருந்த கோப்பைத் திறந்தாள். அந்த நாற்பதும் எந்தெந்த வழக்குக்குப் போயின என்று ஏற்கெனவே தேடிவிட்டிருந்தாள். முப்பத்தெட்டில் பிரச்சினை இல்லை. மீதி இரண்டின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள்.

"குப்பியெல்லாம் எப்பவோ அழிச்சாச்சு. ஆனா கோர்ட்டுல படம் இருக்கு. சூசைமாணிக்கம்னு பேர் ஒட்டின குப்பியோட பாதி, சூசைமாணிக்கம் கோப்பு பாதியோட தொண்ணூத்தி மூணு சதவீதம்தான் பொருந்துது. அதே பாதி அந்தக் குவாரிப் பையனோட கோப்பு பாதியோட முழுசா நூறு. யாரோ பெயர்ச்சீட்டை மாத்தி ஒட்டியிருக்காங்க. கொஞ்சம் உத்துப் பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்கும். பச்சை விளக்கு எரிஞ்சப்புறம் யார் சார் உத்துப் பாக்குறா?"

"மாத்துனவனுக்கு முத்திரை ஒத்துப்போகும்னு எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சிருக்காது. மாட்டினா மாட்டட்டும்னு செஞ்சிருப்பான். நம்ம முத்திரை அவனைக் காப்பாத்திருச்சு."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். இத்தனை வருஷமும் அவர் தனக்கென்று ஒரு சின்னச் சந்தேகத்தை வளர்த்து வைத்திருந்தார். அந்த ஆள் நிஜமாகவே குடித்திருக்கலாம், ஏழு கிளையாக இருந்தாலும் ஜோடி ஜோடிதானே, எல்லாம் சரியாகத்தான் முடிந்திருக்கும் என்று. அந்தச் சந்தேகத்தில் சாய்ந்துகொண்டுதான் தூங்கினார், சாப்பிட்டார், கல்லூரிகளில் பேசினார். அதுவும் இப்போது போய்விட்டது.

"நான் எழுதிக் கொடுத்துடுறேன்" என்றார். "கோர்ட்டுக்கும் சேத்து."

"எழுதுங்க சார். நானும் கையெழுத்துப் போடுறேன். ஆனா கோர்ட்டுத் தாள் அந்த ஆள் கைக்குப் போக ஆறு மாசம் ஆகும்." கோப்பை மூடினாள். "நானா இருந்தா அன்னைக்கு என்ன செஞ்சிருப்பேன்னு எனக்குத் தெரியலை. ஆனா நீங்க செஞ்சது ரொம்பத் தப்பு சார்."

அவர் தலையைக் குனிந்துகொண்டே அவளிடம் சூசைமாணிக்கத்தின் முகவரியைக் கேட்டார்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை சாத்தூருக்குப் பஸ் ஏறினார். கோமளத்திடம் எங்கே போகிறேன் என்று சொல்லவில்லை. அவளுக்கும் ஒரு நாள் சொல்லியாக வேண்டும். முதலில் சொல்ல வேண்டிய ஆளிடம் முதலில் சொல்வோம் என்று போனார்.

மாதா கோயில் தெருவில் ஓட்டு வீடு. கதவைத் திறந்தவள் இருபத்தைந்து வயதுப் பெண். வெள்ளைச் சீருடையில், ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவர் பெயரைச் சொல்வதற்கு முன்பே அவள் கண் விரிந்தது.

"முத்திரைக்கூடத்து சார்தானே? உள்ள வாங்க சார். அப்பா, யார் வந்திருக்காங்கன்னு பாருங்க!"

சூசைமாணிக்கம் முன்னறையில் செய்தித்தாளைச் சதுரம் சதுரமாகக் கிழித்துக்கொண்டிருந்தார். சேவுக் கடைக்குப் பொட்டலம் மடிக்கிற வேலை. ஓட்டுநர் உரிமம் போன பிறகு அந்த வேலைதான் கிடைத்ததாம். சடாரென்று எழுந்து மடித்துக் கட்டியிருந்த கைலியை அவிழ்த்துவிட்டார். செண்பகராமன் வயதுதான் இருக்கும், ஆனால் பத்து வயது கூடத் தெரிந்தார்.

"உக்காருங்கய்யா. ஜெசிந்தா, சாருக்கு நாற்காலியைத் தொடைச்சுப் போடு."

செண்பகராமன் உட்கார்ந்தார். பஸ்ஸில் வரும்போது நாலைந்து விதமாகத் தயாரித்து வைத்திருந்த பேச்சில் ஒரு வார்த்தைகூட நினைவில் இல்லை. அவர் தடுமாறுவதைப் பார்த்து அந்தப் பெண்தான் பேசினாள்.

"சார், உங்களை ஒரு நாள் பாத்து நன்றி சொல்லணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன்."

"எனக்கா? எதுக்கும்மா?"

"அப்பா அன்னைக்கு வரைக்கும் ஒத்துக்கவே இல்ல சார். நான் குடிக்கலை, குடிக்கலைன்னு ஒரே பிடியா நின்னாரு. நான்கூட நம்பிட்டேன். நீங்க வந்து உண்மையை எடுத்துச் சொன்னப்புறம்தான் அவருக்கு மனசு மாறுச்சு. ஜெயில்ல இருந்து வந்ததும் மொத வேலையா என்னையும் கூட்டிக்கிட்டு செத்துப்போன அந்த ரெண்டு அக்கா வீட்டுக்கும் போய்க் கால்ல விழுந்தாரு. இன்னைக்கு வரைக்கும் ஒரு சொட்டு தொடலை சார். நீங்க பொய் சொல்லாம நின்னதாலதான் எங்கப்பா திருந்துனாரு."

அவள் கை கூப்பினாள். அவருக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்று இருந்தது.

சூசைமாணிக்கம் தரையைப் பார்த்துக்கொண்டு லேசாகச் சிரித்தார். "அது நெசம்தானுங்கய்யா. எனக்கு குடிச்ச ஞாபகமே இல்ல. அந்த வாடைகூட எனக்கு ஆகாதுன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். ஆனா நீங்க கோர்ட்டுல அவ்வளவு தெளிவா சொன்னீக. கடவுளே வந்தாலும் மாத்த முடியாதுன்னீக. இவ்வளவு படிச்சவரு என்னத்துக்குப் பொய் சொல்லப் போறாரு, நம்ம மேல அவருக்கு என்ன பகை? அப்ப நாந்தான் பொய் சொல்றேன். ஜெயில்ல ஒக்காந்து யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். விபத்துக்கு மொத நாளு ஒரு கல்யாண வீட்டுல சர்பத்து குடிச்சது ஞாபகம் வந்துச்சு. அதுல யாரும் கலந்திருப்பாகளோன்னு தோணுச்சு. அப்புறம், இல்ல, நானே தெரிஞ்சுதான் குடிச்சிருக்கேன், பயத்துல மறந்துட்டேன்னு தோணுச்சு. ரெண்டு வருசம் கழிச்சு குடிச்சது கண்ணு முன்னாடி படம் மாதிரி தெரிய ஆரம்பிச்சிருச்சு. எந்தக் கடை, என்ன டம்ளருன்னுகூட. சாமியாரைப் பாத்து, குடிச்சேன்னு ஒத்துக்கிட்டு பாவசங்கீர்த்தனம் செஞ்சப்புறம்தான் தூக்கம் வந்துச்சு."

செண்பகராமன் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். ஒரு மனுஷனை நாலு வருஷம் சிறையில் வைத்ததை எண்ணித்தான் அவர் வெட்கப்பட்டு வந்திருந்தார். அந்த மனுஷனுடைய ஞாபகத்துக்குள்ளேயே புகுந்து தன் பொய்யை நட்டுவிட்டு வந்திருப்பது இப்போதுதான் தெரிந்தது. இதற்கு எந்தக் கோர்ட்டிலும் எழுதிக் கொடுக்க முடியாது. எழுந்து ஓடிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். நினைத்ததற்கும் சேர்த்து வெட்கப்பட்டார்.

"தண்ணி கொண்டாரட்டுமா சார்?" என்றாள் ஜெசிந்தா.

"வேண்டாம்மா. நீயும் உக்காரு. நான் ஒண்ணு சொல்லணும்." நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். "அந்த வருஷம் ஆயுத பூஜை அன்னைக்கு, பாகு வச்சிருந்த பாத்திரத்துக்குள்ள நான் ஒரு கை விபூதியைக் கொட்டிட்டேன்."

ஒன்றையும் விடாமல் சொன்னார். சோப்பு திரிந்ததை, ஏழு கிளையைத் தன் கண்ணால் பார்த்ததை, பார்த்தும் அனுப்பியதை, கேட்டபோது சிரிக்கவைத்துத் தப்பித்ததை, பெயர்ச்சீட்டு மாறியதை, மெஹருன்னிசா கண்டுபிடித்த நூறு சதவீதத்தை. இந்தக் கதையைச் சொன்னால் ஊர் சிரிக்கும் என்று பயந்துதான் ஆறு வருஷம் வாயைக் கட்டியிருந்தார். சொல்லி முடித்தபோது யாரும் சிரிக்கவில்லை.

ஜெசிந்தா மெதுவாக எழுந்து நின்றாள். அவரை விட்டுவிட்டுத் தன் தகப்பன் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, அப்ப நீங்க அன்னைக்குக் குடிக்கவே இல்லையா?"

சூசைமாணிக்கம் மகளைப் பார்த்தார். பிறகு செண்பகராமனைப் பார்த்தார். கோர்ட்டில் பார்த்த அதே பார்வைதான், கோபம் கொஞ்சமும் இல்லை.

"எனக்கென்ன பாப்பா தெரியும்?" என்றார். "சாருதான் வந்திருக்காகளே. அவுகளையே கேளு."